காட்டுத்தீயும் கார் இன்சூரன்ஸும்

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்டில் இருக்கிறான். சில வருடங்களாக அவனுடைய கார் இன்சூரன்ஸ் எக்கச்சக்கமாக ஏறிக்கொண்டே போகிறது. "லாஸ் ஏஞ்சல்ஸ் தீயின் நஷ்டத்தை எங்கள் தலையில் கட்டுகிறார்கள்" என்கிறான். எரிந்தது எங்கோ இருக்கும் வீடுகள்தானே? இவன் காருக்கு ஏன் கட்ட வேண்டும்?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது அம்மா. மகனிடம் கொஞ்சம் வாதாடலாம், தப்பில்லை.

அவர் அப்படி நினைப்பதற்கும் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 7 அன்று கிளம்பிய பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீயிலும் சேர்த்து 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இவ்வளவு பெரிய நஷ்டத்தை யாரிடமாவது வசூலித்துத்தானே ஆக வேண்டும் என்று தோன்றும். ஆனால் கார்க்காரர்களிடம் வசூலிக்கச் சட்டம் விடாது. 1988இல் அந்த மாநில மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ‘பிரபொசிஷன் 103’படி, இன்சூரன்ஸ் ஆணையரின் முன் அனுமதி இல்லாமல் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்ற முடியாது. (அந்த ஆணையரையும் மக்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள்!) வீட்டுக்குத் தனி விண்ணப்பம், காருக்குத் தனி விண்ணப்பம். தீக்குப் பிறகு ஸ்டேட் ஃபார்ம் ஜெனரல் என்ற காப்பீட்டு நிறுவனம் அவசர உயர்வு கேட்டது; 2025 மே மாதம் வீட்டுக் காப்பீட்டுக்கு 17% கிடைத்தது. அதில் கார் காப்பீடு இல்லை.

வீட்டோடு கார்களும் எரிந்தன என்பது உண்மை. அவற்றுக்கு ‘காம்ப்ரிஹென்சிவ்’, அதாவது மோதல் அல்லாமல் தீ, திருட்டு போன்றவற்றால் வரும் சேதத்துக்கான பகுதியிலிருந்து பணம் தருவார்கள். மாநிலம் முழுக்க அன்றாடம் நடக்கும் விபத்துகளின் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

அப்படியானால் ஏன் ஏறியது? 2020இல் கோவிட் வந்து சாலைகள் காலியாயின. விபத்து குறைந்ததால், பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் ஆணையர் ரிக்கார்டோ லாரா. நல்ல காரியம்தான். ஆனால் அதன் பிறகு 2022இன் பிற்பகுதி வரை கார் கட்டண உயர்வு எதற்கும் அனுமதியே கிடைக்கவில்லை. அதற்குள் பழைய கார் விலை, உதிரிபாகம், மெக்கானிக் கூலி எல்லாம் ஏறிவிட்டன. இப்போதைய பம்பருக்குள் சென்சார் இருக்கிறது. முன்கண்ணாடியை மாற்றினால் அதிலுள்ள கேமராவையும் சரிபார்த்துப் பொருத்த வேண்டும். லேசாக இடித்தாலே பில் நீள்கிறது. மூடியிருந்த மதகைத் திறந்ததுபோல, அனுமதி வந்ததும் நிலுவையெல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்தது. போதாததற்கு 2025 ஜனவரி முதல், விபத்தில் ஒருவர் காயமடைந்தால் தர வேண்டிய குறைந்தபட்சக் காப்புத்தொகை 15,000 டாலரிலிருந்து 30,000 ஆனது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாறாதிருந்த தொகை அது.

வீட்டுக் காப்பீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். காட்டுத்தீ அபாயத்தைக் கடந்த இருபது ஆண்டு நஷ்டத்தின் சராசரியை வைத்தே கணக்கிட வேண்டும் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. வரப்போகும் அபாயத்தைக் கணினியில் மதிப்பிடும் மாதிரிகளுக்கு அப்போது அனுமதியில்லை. மறுகாப்பீட்டு (காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடு) செலவையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றிருந்தது. விலையை ஏற்ற முடியாதவர்கள் வெளியேற ஆரம்பித்தார்கள். சுமார் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024 மார்ச்சில், தீக்குப் பத்து மாதம் முன்பே, ஸ்டேட் ஃபார்ம் ஜெனரல் அறிவித்துவிட்டது. விலையை அடக்கி வைத்தது மக்களுக்கு நல்லதா என்றால், பாலிசி இருந்தவரை நல்லது என்றுதான் சொல்வேன். அந்த விதிகள் 2024 கடைசியில்தான் தளர்ந்தன.

கைவிடப்பட்டவர்களுக்குக் கடைசிப் புகலிடம் ‘ஃபேர் பிளான்’. எல்லா நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் பொது நிதியம் அது; 1968 முதல் இருக்கிறது. தீக்குப் பிறகு அதன் கையிருப்பு போதாமல், 2025 பிப்ரவரியில் நிறுவனங்களிடம் 100 கோடி டாலர் கேட்டது. அதில் பாதியை நிறுவனங்கள், அனுமதி பெற்று, தங்கள் வாடிக்கையாளர்களிடம் வசூலிக்கலாம். மகனுக்குச் சொந்த வீடு இருந்தால் அதன் இன்சூரன்ஸ் பில்லில் இப்படி ஒரு வரி தென்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தீக்கான பணத்தை அவர் அங்கே கட்டியிருக்கக்கூடும்.

கார் பில்லைக் குறைக்க வழி உண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் கார் பிரீமியத்தை முதலில் முடிவு செய்பவை ஓட்டுநரின் விபத்து, அபராத வரலாறு. அடுத்து வருடத்துக்கு எத்தனை மைல் ஓட்டுகிறார். பிறகு எத்தனை வருட அனுபவம். அவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவராக இருந்து, பாலிசியில் பழைய அலுவலகக் கால மைல் கணக்கே இருந்தால், நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.