மேக்லைட் டார்ச்: பேருக்கு ஏற்ற பொருள்தானா?

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து, மதர்போர்டில் உள்ள பொடி எழுத்துகளைப் படிக்க முயன்றவர்களுக்கு நல்ல டார்ச் லைட்டின் அருமை தெரியும். என்னிடம் பல வருடங்களாக ஒரு மினி மேக்லைட் உண்டு. அமெரிக்காவில் இருந்து வந்த மைத்துனர் கொடுத்தது. "மாமா, இது உங்க ஆயுசுக்கும் வரும்" என்றார்.

ஒரு மழை இரவில் கரண்ட் போனது. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒரே மாதிரி அட்டையில் இருந்தன. செல்போனில் சார்ஜ் இல்லை. டிராயரில் இருந்து மேக்லைட்டை எடுத்துத் திருகினேன். எரியவில்லை. மெழுகுவர்த்தியைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த டார்ச்சின் பேர் உண்மைதானா என்று அன்றுதான் யோசித்தேன்.

பேர் வந்தது எப்படி?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அந்தோனி மேக்லிகா தொடங்கிய நிறுவனம் 1979-ல் முதல் மேக்லைட்டை வெளியிட்டது. அலுமினிய உடல், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள், தலையைத் திருகினால் விரிந்து சுருங்கும் ஒளி ஆகியவை இதன் சிறப்புகள். போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் விரும்பி வாங்கினார்கள். இரண்டு ஏஏ செல் போடும் மினி மேக்லைட் 1984-ல் வந்தது. இதன் வால் மூடிக்குள் ஒரு உபரி பல்பும் இருக்கும். எல்.இ.டி. மாடல்கள் 2006-ல்தான் வந்தன.

உடல் உறுதியில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பல்பு மாடலில் செல் தேயத் தேய ஒளி மஞ்சளாகி மங்கும். ஒளியை விரித்தால் நடுவில் கருவட்டம் விழும். பல்பு, பிரதிபலிப்பானின் குவிமையத்தை விட்டு விலகுவதே காரணம்.

பெட்டியில் எதைப் பார்ப்பது?

பிராண்டு பெயரை விட, எஃப்.எல்.1 என்ற குறியீட்டைப் பாருங்கள். இது 2009-ல் வந்த அமெரிக்கத் தர அளவு. இதன்படி:

1. லூமென்: டார்ச்சில் இருந்து வெளிவரும் மொத்த ஒளி.
2. எரியும் நேரம்: ஒளி, ஆரம்ப அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை. "10 மணி நேரம்" என்றால் 10 மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று அர்த்தம் அல்ல.
3. தூரம்: ஒளி 0.25 லக்ஸ் ஆகும் இடம் வரை. இது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. 200 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அங்கே எழுத்தைப் படிக்க முடியாது.
4. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

செல்போனில் லக்ஸ் அளக்கும் அப்ளிகேஷன் ஒன்றை நிறுவுங்கள். இருட்டறையில் போனையும் டார்ச்சையும் 1 மீட்டர் இடைவெளியில் அசையாமல் வையுங்கள். எரியவிட்ட 30 விநாடி கழித்து முதல் அளவைக் குறியுங்கள். பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு முறை எக்செல்லில் பதிந்து வரைபடம் போடுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் முக்கியம்.

அன்று ஏன் எரியவில்லை?

மறுநாள் வால் மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளைப் பொடி. மாதக்கணக்கில் எடுக்காமல் விட்ட அல்கலைன் செல்கள் கசிந்து, அலுமினியக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இது அலுமினியத்தை அரிக்கும். எந்த பிராண்டு டார்ச்சும் இதற்குத் தப்பாது. தவறு என்னுடையது.

நீங்கள் செய்ய வேண்டியவை: உபயோகம் இல்லாதபோது செல்களைக் கழற்றி அருகிலேயே வையுங்கள். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்காதீர்கள். கசிந்திருந்தால் கையுறை போட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்கு காயவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். உறுதிக்கு வந்த பேர் நியாயமானது. வெளிச்சத்துக்கு, மாடலையும் எஃப்.எல்.1 எண்களையும் பார்த்த பிறகே வாங்குங்கள். இப்போது மாதம் முதல் தேதி, மின் கட்டணம் பார்க்கும்போதே டார்ச்சையும் ஒரு முறை எரித்துப் பார்த்துவிடுகிறேன். அம்மாவின் மாத்திரை அட்டைகளிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன்.