ஆற்று நீரும் அடிச்சேறும்

"நீர் தெளிந்துவிட்டதே, அணையின் வண்டலை வயலுக்கு அடிக்கலாமா?" என்று அங்கத்தினர் சிலர் நம்மை வினவினர். நெசவாளரும் குடியானவரும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய கேள்வி இது.

நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டு முடிந்த அணை, பாசனத்துக்கென்றே எழுந்தது. ஆனால் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவே அதில் வந்து தேங்கிற்று. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. அக்கழிவிலிருந்த உப்பு நீரோடு வந்து பெரும்பாலும் நீரோடு போகும். குரோமியம், செம்பு, துத்தநாகம், காரீயம் முதலிய கன உலோகங்களின் இயல்பு வேறு. அவை களிமண் துகளிலும், மட்கிய பொருளிலும், இரும்பு, மாங்கனீஸ் துருவிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும்.

தணிக்கை செய்து பழகிய நமக்கு இது கணக்குப் புத்தகமாகவே தோன்றுகிறது. நீரில் உள்ளது கைரொக்கம். சேற்றில் உள்ளது வைப்பு. கைரொக்கத்தை மட்டும் எண்ணிவிட்டுச் சங்கத்தின் நிலை இன்னதென்று எழுதும் தணிக்கையாளரை எவர் ஒப்புவர்?

இவ்வைப்பு எப்போது வெளியே வரும்? அழுகும் பொருள் மிகுந்து அடிநீரில் பிராணவாயு அற்றுப்போகுமானால், இரும்புத் துரு கரையும். அது பற்றியிருந்த உலோகமும் உடன் விடுபட்டு மேலுள்ள நீருக்கு ஏறும். இன்னும் ஆழத்தில், அழுகிய முட்டை நாற்றம் வீசும் கருஞ்சேற்றில், நிலைமை நேர்மாறானது. அங்கே கந்தகம் செம்பு, துத்தநாகம், காரீயம் ஆகியவற்றைக் கரையாத சேர்மமாகக் கட்டிவைக்கிறது. நாற்றத்தைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அதுவே பூட்டு. அச்சேற்றைத் தோண்டி வெயிலில் பரப்பினால் காற்றுப் பட்டுக் கந்தகம் அமிலமாகும், பூட்டுத் திறக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலம் அவ்வமிலத்தைப் பெரிதும் அடக்கிவிடும். சுண்ணாம்பு குறைந்த நிலத்தில் உலோகம் வேருக்கு எட்டும்.

குரோமியத்துக்கு இரு நிலைகள் உண்டு. ஒன்று நீரில் கரைந்து ஓடும், கொடிய நஞ்சு. மற்றது மண்ணில் ஒட்டிக் கிடக்கும், தீங்கு குறைந்தது. காற்றற்ற சேறு முன்னதைப் பின்னதாக மாற்றுகிறது. உலர்ந்த மண்ணிலோ, மாங்கனீஸ் துருவின் துணையால் அதில் சிறிது பழைய நிலைக்குத் திரும்பவும் கூடும்.

ஆகையால் வண்டிகளை அனுப்புமுன் சேற்றைச் சோதிக்க வேண்டும். நீர்ச் சோதனைச் சீட்டு இதற்குப் போதாது. மதகருகில் ஒன்று, நடுவில் ஒன்று, நீர் வந்து சேரும் முகப்பில் ஒன்று என மாதிரி எடுக்கலாம். மேற்படிவையும் ஆழ்படிவையும் ஒன்றாகக் கலக்கலாகாது. ஈரம் உலராமல், காற்றுப் புகாமல் கட்டி, தாமதமின்றி ஆய்வுக்கூடம் சேர்ப்பிக்க வேண்டும். வழக்கமான மண் பரிசோதனையில் செம்பும் துத்தநாகமும் வரும். குரோமியம், காரீயம், காட்மியம் ஆகியவற்றைத் தனியே கேட்டு எழுதித் தரவேண்டும். ஒருவருக்குச் செலவு மிகையாகத் தோன்றலாம். ஒரே அணையின் வண்டலை நாடும் அங்கத்தினர் பலர் கூடிப் பகிர்ந்தால் ஒரு வண்டிக் கூலிக்குள் அடங்கிவிடும் என்பதே நம் மதிப்பீடு.