முதுமையும் பாட்டும்



பாட்டு இளையோர்க்கு உரியது, முதியோர்க்கு ஓய்வே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை இங்கு ஆராய்வோம்.

1. தாயக வழக்கம்

ஈழத்தில் நம் முதியோர் பாடுதற்கென வகுப்புக்குச் சென்றாரல்லர். பாட்டு அவர்தம் வாழ்வோடு கலந்திருந்தது. கோயிற் பூசையிற் பஞ்சபுராணம் ஓதினர். மார்கழியில் திருவெம்பாவை பாடினர். கந்தபுராண படனத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரவர் இருந்து கேட்டனர். கரைவலை இழுத்தோர் அம்பாப் பாடினர். கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்துப் பாட்டுகள் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தன. இவற்றிலெல்லாம் முதியோரே வழிகாட்டிகளாய் விளங்கினர்.

புலம்பெயர்ந்த பின்னர் அச்சூழல் சுருங்கியது. பிள்ளைகள் வேலைக்கும் பேரர்கள் பள்ளிக்கும் சென்றபின், அடுக்குமாடி வீட்டில் முதியவர் தனித்திருக்கின்றார். பேசுதற்கும் ஆளில்லை, பாடுதற்கு யார் உளர்?

2. உடலும் உள்ளமும்

பாடும்போது மூச்சை ஆழ இழுத்து, மெல்ல மெல்ல விடுகின்றோம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு என்னும் தசைக்கு இது நல்ல பயிற்சி. குரல்நாண்களும் இயங்குகின்றன.

பிராங்பேர்ட் நகரப் பாடகர் குழுவொன்றை ஆராய்ந்தோர், பாடியபின் உமிழ்நீரில் நோயெதிர்க்கும் புரதம் ஒன்று மிகுந்திருக்கக் கண்டனர். அவ்வாய்வு 2004இல் வெளிவந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரில் 12 முதியோர் நிலையங்களில் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. ஆறு மாதம் கூடிப் பாடியோரிடம் தனிமையுணர்வு குறைந்து, வாழ்வில் நாட்டம் மிகுந்தது. ஆயினும் நினைவாற்றலும் உடல்வலுவும் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. ஆதலாற் பாட்டு மருந்துக்கு மாற்றன்று. தனிமைக்கு நல்ல துணை என்பதே தகும்.

3. நினைவிற் பதிந்த பாட்டு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். ஐந்தில் பதிந்தது எண்பதிலும் அழியாது என்பதும் உண்மையே. லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கின்றது. நெடுநாள் அறிந்த பாட்டை நினைவிற் கொள்ளும் மூளைப் பகுதி, அல்சைமர் என்னும் மறதிநோயில் மற்றைப் பகுதிகளைவிடக் குறைவாகவே தேய்கின்றதென அவர்கள் கண்டனர்.

இது நமக்கு மிக வேண்டிய செய்தியாகும். மறதிநோய் உற்றோர் பலருக்குப் பிந்திக் கற்ற மொழியே முந்தி நழுவுகின்றது. அரும்பாடுபட்டுக் கற்ற யேர்மன் மொழி மறைந்தபின், எஞ்சுவது தாய்மொழியும் அதன் பாட்டுகளுமே. இந்நாட்டு முதியோர் இல்லங்களில், யேர்மானியர் சிறுவயதிற் கற்ற நாட்டார் பாடல்களை அவரோடு சேர்ந்து பாடும் வழக்கம் உண்டு. நம் அம்மம்மா அங்கு சேர நேர்ந்தால், அவர் அறிந்த தாலாட்டையும் தேவாரத்தையும் தொடங்கிக் கொடுப்பவர் யார்? பணியாளர் அன்புடையவரே, ஆனால் அப்பாட்டுகளை அவர் அறியார். அவற்றை அறிந்திருக்கவேண்டியவர் நாமே.

4. செய்யத்தக்கவை

பெற்றோர்க்கு: கிழமைக்கு ஒருமுறையேனும் முதியோரை ஒன்றுகூட்டிப் பாடச் செய்க. குரல் நடுங்கினும் சுருதி விலகினும் நகைத்தல் கூடாது. களைத்தால் இருந்து இளைப்பாறட்டும்.

மாணவர்க்குப் பயிற்சி:

அ) உம் அம்மம்மா, அப்பம்மா, அம்மப்பா, அப்பப்பா ஆகியோருள் ஒருவரிடம் சிறுவயதிற் கற்ற பாட்டொன்றைக் கேட்டு எழுதுக. அருகில் இல்லாதவரிடம் தொலைபேசியிற் கேட்கலாம்.

ஆ) அதனை எங்கு, யாரிடம் கற்றார் என்பதையும் குறிக்க.

இ) பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்க.

ஈ) அப்பாட்டை நீரும் மனனஞ்செய்து, அவரோடு சேர்ந்து பாடுக.

இக்குறிப்பேடு தேர்வுக்குரியதன்று, புள்ளியும் இடப்படாது. ஆயினும் ஒருநாள் அம்முதியவர் உம் பெயரை மறக்கலாம். அன்று அவரருகில் இருந்து அப்பாட்டின் முதலடியை நீர் எடுத்துக்கொடுப்பின், அடுத்த அடி அவர் வாயிலிருந்து வருதல் கூடும். அதற்காகவேனும் இன்றே கேட்டு எழுதுவீர்களாக.