கதவு காக்கட்டும், கேமரா பார்க்கட்டும்: வீட்டுப் பாதுகாப்புக்கு 25 குறிப்புகள்

வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றதும் பலரும் நேராகப் போய் நிற்பது கேமரா கடையில். நான்கு கேமரா, செல்போனில் ஓர் ஆப், வாசலில் ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்று ஒரு ஸ்டிக்கர். அத்தோடு வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கேமரா திருடனைப் பார்க்கும், தடுக்காது. கொல்லைக் கதவின் நாதாங்கி ஒரே நெம்பில் பெயர்ந்துவிடும் என்றால், அது பெயர்வதைப் படம் பிடிப்பதைத் தவிர கேமராவால் வேறென்ன செய்ய முடியும்? திருட வருபவனுக்குத் தேவை இரண்டே: ஆளில்லாத வீடு, யாரும் கவனிக்காத சில நிமிடங்கள். அந்த இரண்டையும் கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதனால் செலவையும் இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் கதவு, அடுத்து வெளிச்சம், பிறகு சத்தம், கடைசியில் கேமரா.

கதவு, ஜன்னல், பூட்டு

1. சாவி தொலைந்துவிட்டது, எப்படியாவது உள்ளே போயாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இருட்டிய பிறகு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். சன்ஷேடை எட்டும் தண்ணீர்க் குழாய், மதிலை ஒட்டி வளர்ந்த முருங்கை மரம், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாண்டும் தூரம், கொல்லையில் சாத்தி வைத்த ஏணி என்று எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். முதல் வேலையாக ஏணியையும் கடப்பாரையையும் உள்ளே எடுத்து வையுங்கள்.

2. பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை, நாதாங்கிதான் பெயர்கிறது. கனமான பூட்டாகப் பார்த்து வாங்குவோம். அதைத் தாங்கும் நாதாங்கியோ குட்டைத் திருகாணிகளில் நின்றுகொண்டிருக்கும். இடுக்கில் கம்பியைக் கொடுத்து நெம்பினால், பூட்டு பூட்டியபடி இருக்க, நாதாங்கி மரச் சிராய்களோடு கையில் வந்துவிடும். திருகாணிகளைக் கழற்றிவிட்டு, கதவை ஊடுருவிப் போகும் போல்ட்டுகளைப் போட்டு, உள்பக்கம் ஓர் இரும்புப் பட்டை வைத்து நட்டை இறுக்கச் சொல்லுங்கள். நிலையில் இருக்கும் பகுதிக்கு நீளமான திருகாணி வேண்டும். தச்சருக்கு அரை நாள் வேலை கூட இல்லை.

3. பூட்டு வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள். வளையம் தடித்த, கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும். பூட்டிய பிறகு வளையத்துக்கும் உடலுக்கும் நடுவே கம்பி நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கக் கூடாது. லீவர் எண்ணிக்கை கூடக் கூட, கள்ளச்சாவி போடுவது சிரமம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளின் பெயரே இந்த லீவர் வேலைப்பாட்டில்தான் நிற்கிறது.

4. வாசல் கதவில் தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே எழுதி ஒட்டிய அறிவிப்பு. கதவுக்குள்ளேயே பதிந்திருக்கும் பூட்டைப் பொருத்துங்கள். வெளியே இரும்புக் கிரில் கேட் இருந்தால், பூட்டு உள்பக்கம் திரும்பி இருக்கும்படி வெல்டரிடம் சொல்லி ஒரு தகடு மறைப்பு வைத்துவிடலாம்.

5. முன்வாசலுக்குத் தேக்கு, கொல்லைக்கு பிளைவுட் என்று பிரித்துச் செலவு செய்யாதீர்கள். மொட்டை மாடிக் கதவுக்கும் உள்ளிருந்து குறுக்குக் கம்பி போடுங்கள். கழிவறை வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் வெறுமனே செருகப்பட்டிருக்கும். ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். அதற்கும் கம்பி அவசியம்.

6. சென்னை, புறநகர்ப் பகுதிச் செய்திகளில் ‘பீரோ புல்லிங்’ என்று படித்திருப்பீர்கள். ஜன்னல் வழியாகக் கைவிட்டு, பீரோவை அருகே இழுத்துத் திறப்பது. பீரோவை ஜன்னலிலிருந்து தள்ளி, சுவரோடு போல்ட் போட்டு நிறுத்துங்கள். கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குபவர்கள், கட்டிலையும் செல்போனையும் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. செருப்பு ஸ்டாண்டு, மீட்டர் பெட்டி, பூந்தொட்டி, துளசி மாடம். நீங்கள் சாவி வைக்கும் இடம் இந்த நான்கில் ஒன்று என்றால், தேடுபவனும் அங்கேதான் முதலில் கைவிடுவான். பீரோ சாவியைப் பீரோவின் மேலேயே வைப்பதும் அப்படித்தான். மாற்றுச் சாவியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

8. வாடகை வீட்டுக்குக் குடிபோனால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு முதல் நாளே பூட்டை மாற்றுங்கள். முன்பு குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவி இருந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

9. கைரேகை வைத்தால் திறக்கும் டிஜிட்டல் பூட்டு வாங்குவதானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேட்டரி தீர்ந்துபோனால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வழி உண்டா? அவசரத்துக்குச் சாதாரணச் சாவி உண்டா? தீ விபத்து என்றால் உள்ளிருந்து எண் எதுவும் அழுத்தாமல் கைப்பிடியைத் திருப்பியதும் திறக்குமா? மூன்றாவதற்கு ‘ஆமாம்’ வராவிட்டால் வாங்க வேண்டாம்.

வெளிச்சமும் சத்தமும்

10. ஊருக்குப் போகும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறோம். உச்சி வெயிலிலும் அது எரிந்துகொண்டிருந்தால், வீட்டில் ஆளில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இருட்டினால் தானாக எரிந்து விடிந்தால் அணையும் சென்சார் பல்ப் வாங்கிப் போடுங்கள். உள்ளே ஓர் அறை விளக்கை டைமரில் வைத்து, மாலையில் எரிந்து இரவு பத்து மணிவாக்கில் அணையும்படி செய்யலாம். கொல்லைப்பக்கத்துக்கு, ஆள் நடமாடினால் பளிச்சென்று எரியும் விளக்குதான் பொருத்தம்.

11. அலாரத்தில் இரண்டு வகை சென்சாரைத் தெரிந்துகொண்டால் போதும். கதவிலும் நிலையிலும் ஒட்டும் காந்த சென்சார், கதவு திறந்ததும் சத்தம் எழுப்பும். உடல் வெப்பத்தின் அசைவை உணரும் பிஐஆர் சென்சார், அறைக்குள் ஆள் நடந்தால் எழுப்பும். வீட்டில் ஆள் இருக்கும்போதும் இரவில் இயக்கி வைக்க முடிவது முதல் வகை. வாங்கத் தொடங்கும்போது அதிலிருந்தே தொடங்கலாம்.

12. பிஐஆர் சென்சாரை வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். சென்சாரின் லென்ஸ் மேலேயே பல்லி ஊர்ந்தால் நள்ளிரவில் ஊரை எழுப்பிவிடும். நான்கு முறை வீணாகக் கத்திய அலாரத்தை ஐந்தாவது முறை அக்கம்பக்கத்தார் மதிக்க மாட்டார்கள். அறையின் மூலையில், குழல் விளக்கை விட்டு விலகி மாட்டச் சொல்லுங்கள். பல்லிகள் பூச்சி தேடி விளக்கடியில்தான் கூடும்.

13. போனில் அழைத்துச் சொல்லும் அலாரத்துக்குள் ஒரு சிம் இருக்கும். அதற்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால், திருடன் வந்த இரவில் அந்த அழைப்பு வராது. மாதம் ஒருநாள் நீங்களே அலாரத்தைத் தூண்டி, அழைப்பு வருகிறதா என்று பாருங்கள்.

14. சைரன் இரண்டு இருக்கட்டும்: ஒன்று வெளியே, கை எட்டாத உயரத்தில், ஒன்று உள்ளே, கண்ணில் படாத இடத்தில். சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்து வீட்டாரிடம் முன்பே பேசி வையுங்கள்: வெளியே வந்து மடக்க வேண்டாம், விளக்கைப் போட்டுவிட்டு 100க்கோ 112க்கோ அழைத்தால் போதும்.

15. வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். பந்து எடுக்க மதிலேறும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதில் மாட்டிக்கொள்ளலாம்.

கேமரா வாங்கும்போது

16. மிக உயரத்தில் மாட்டிய கேமராவில் பதிவாவது தலை உச்சியும் தொப்பியும்தான். வீட்டைச் சுற்றி அகலமாகப் பார்க்க ஒன்று எட்டிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கலாம். வாசலுக்கு வருபவரின் முகத்தைப் பார்க்க இன்னொன்று தாழ்வாக, முக மட்டத்தில் வேண்டும். வீடியோ காலிங் பெல் இந்த வேலையை நன்றாகச் செய்யும். கேஸ், மின்வாரியம் என்று சொல்லிக்கொண்டு வருபவரின் அடையாள அட்டையையும் கதவைத் திறக்காமலே பார்த்துவிடலாம்.

17. பகலில் டெமோ பார்த்துவிட்டுப் பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு வாசலில் ஒருவரை நிறுத்தி, பதிவில் முகம் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். அருகிலுள்ள வெள்ளைச் சுவரில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டுத் திரும்பினால் படம் முழுக்க வெளிறிவிடும். கேமரா அருகே பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்து லென்ஸ் மேலேயே வலை பின்னும். ஒட்டடைக்கோலை அங்கும் அவ்வப்போது நீட்டுங்கள்.

18. எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேட்டு வாங்குங்கள். 2 மெகாபிக்சல் கேமரா நான்கை இடைவிடாமல் ஓடவிட்டால், 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் அமைப்பைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரப் பதிவு தங்கும். அதன் பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போகிறவர்களுக்கு இது போதாது. ஆள் அசைந்தால் மட்டும் பதியும்படி அமைத்தால் இன்னும் பல நாள் தாங்கும்.

19. விவரமறிந்த திருடன் போகும்போது பதிவுப் பெட்டியையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகிறான். டிவிக்குக் கீழே அதை வைக்காமல், பூட்டிய அலமாரியிலோ பரணிலோ காற்றோட்டத்தோடு வையுங்கள். வாசல் கேமராவின் பதிவாவது இணையத்தில் சேமிப்பாகட்டும். கேமராவுக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்தால் போதாது. கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் உயிரோடு இருக்க வேண்டும்.

20. கேமராவோடு வரும் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்தது. பொருத்த வந்தவர் கிளம்பியதும் மாற்றுங்கள். இணையத்தில் இணையும் கேமரா வழியாக வெளியாட்கள் வீட்டுக்குள் பார்க்கும் ஆபத்து இருப்பதால்தான், 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயமாகியிருக்கிறது. விலை மலிவு என்று பெயர் தெரியாத கேமராவை வாங்காதீர்கள். படுக்கையறைக்குள்ளும் பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கியும் கேமரா வேண்டவே வேண்டாம்.

வெளியூர் கிளம்பும்போது

21. பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்ல நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். தினமும் கோலம் போடும் வாசல் மூன்று நாள் வெறுமையாகக் கிடப்பதையும் நோட்டம் பார்ப்பவன் கவனிப்பான். பக்கத்து வீட்டு அக்காவிடமோ வேலைக்கு வரும் அம்மாவிடமோ வாசல் தெளித்து ஓர் இழுப்புக் கோலம் போடச் சொல்லுங்கள். கேட்டில் செருகிய நோட்டீஸ்களையும் அப்போதே எடுத்துவிடுவார்கள். கொடைக்கானல் படங்களைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் வைக்கலாம், அழகு குறைந்துவிடாது.

22. கல்யாணம், காதுகுத்து என்று தெருமுனையில் பேனர் கட்டுகிறோம். அதில் தேதி, மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. முகூர்த்த வேளையில் வீட்டுக்குக் காவலாக இருவரை முன்கூட்டியே சொல்லி வைத்து, அவர்களுக்கு மண்டபத்திலிருந்து சாப்பாடு அனுப்பிவிடுங்கள்.

23. பல நாள் பூட்டிப் போவதானால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்: முகவரி, போகும் தேதி, திரும்பும் தேதி, உங்கள் எண், அவசரத்துக்கு வரக்கூடிய உள்ளூர் உறவினர் எண். பூட்டிய வீடுகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லும்படி காவல்துறையே பண்டிகை, கோடை விடுமுறைக் காலங்களில் கேட்டுக்கொள்கிறது. ரோந்து போகும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள்.

நகையும் காகிதமும்

24. நகையை லாக்கரில் வைப்பது நல்லது. ஆனால் லாக்கருக்கும் எல்லை உண்டு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, கொள்ளை, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். அதற்கு மேல் மதிப்புள்ள நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கலாம். வீட்டுக் காப்பீடு எடுக்கும்போதும் திருட்டுக்குத் தனிப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியின் அடிப்படைக் காப்பில் தீ, வெள்ளம் போன்றவற்றை ஒட்டி ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அடங்கும். பூட்டை உடைத்து நடக்கும் திருட்டு அடங்காது. ஒவ்வொரு நகையையும் ஓர் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பில்லோடு சேமியுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து, எண்கள் கொண்ட எச்யுஐடி இருக்கும். அதையும் குறித்து வைத்தால் மீட்ட நகையை உங்களுடையது என்று காட்ட உதவும்.

25. திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே ஓடாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். தெருவில் நின்றபடி 100 அல்லது 112க்கு அழையுங்கள். போலீஸார் வந்து கைரேகை எடுத்து முடிக்கும்வரை பீரோவைத் தொடுவதோ, கலைந்த துணியை மடிப்பதோ கூடாது. செல்போன் போயிருந்தால், சிம்மை உடனே முடக்கச் சொல்லுங்கள். புகார் கொடுத்ததும் கையில் வரும் சிஎஸ்ஆர் ரசீதோடு நின்றுவிடாமல் எஃப்ஐஆர் பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டு நிறுவனம் கேட்பதும் அதைத்தான். பிறகு பூட்டுக் கடைக்குப் போவதற்கு முன், எந்த வழியாக உள்ளே வந்தான் என்று பாருங்கள். முதல் செலவு அந்த வழிக்குத்தான்.