இதய வால்விலிருந்து சரக சம்ஹிதை வரை

உயிர் அறிவியல் மாணவர்களிடையே ஆயுர்வேதம் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. ஒன்று, "அதெல்லாம் நிரூபிக்கப்படாதது." மற்றொன்று, "எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டது." இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. ஆயுர்வேதத்தையும் யோகத்தையும் நான் நெருங்கிய வழியை இவ்வாண்டு மலரில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நான் ஜொகூர் பாருவில் வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் 'இரத்த ஓட்டம்' என்று படித்ததைத் தேசிய இடைநிலைப்பள்ளியில் 'பெரெடாரான் டாரா' என்று மலாயில் படித்தேன். சிங்கப்பூரில் இப்பொழுது ஆங்கிலத்தில் படிக்கிறேன். மூன்று மொழிகளிலும் ஓடுவது ஒரே இரத்தம்தானே! ஆயுர்வேதம் நான்காவது மொழியோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

என்னை இத்துறைப் பக்கம் தள்ளியது அம்மாவின் இனிப்புநீர். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் தேக்காவுக்குப் போகாமல் அம்மா ஊர் திரும்பமாட்டார். சென்ற ஆண்டு அங்கு ஒரு கடையில், பெயரோ தயாரிப்பாளர் விவரமோ இல்லாத சூரணப் பொட்டலம் ஒன்றை வாங்கினார். "சூரணந்தான் சாப்பிடுறேனே, மாத்திரை ஒரு வேளை போதும்மா" என்று மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து 'எச்பிஏ1சி' அளவு ஏறியிருந்தது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டும் சர்க்கரையைத்தான் இச்சோதனை அளக்கிறது. முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது.

அப்பொழுதுதான் 2004ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. அதாவது ஐந்தில் ஒன்று. சிங்கப்பூரில் சீன மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயுர்வேதத்திற்கு அத்தகைய சட்டம் இல்லை. அம்மாவிடம் அந்த ஆய்வைத் தமிழில் விளக்கினேன். பொட்டலம் குப்பைக்குப் போனது. மாத்திரை மீண்டும் இரண்டு வேளையானது. ஆனால் அம்மா விடவில்லை. "அப்ப பாட்டி காலத்து வைத்தியமெல்லாம் பொய்யா?"

அக்கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தவர்தான் டாக்டர் எம்.எஸ். வலியத்தான். கேரளத்தின் மாவேலிக்கரையில் 1934இல் பிறந்த இதய அறுவை மருத்துவர். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தை உருவாக்கியவர். வெளிநாட்டு வால்வுகள் ஏழை நோயாளிகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால் இந்தியாவிலேயே செயற்கை இதய வால்வு செய்ய முனைந்தார். முதல் மூன்று மாதிரிகளும் தோல்வியுற்றன. நான்காவது வென்றது, 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகையவர், 1999இல் மணிப்பாலில் துணைவேந்தர் பொறுப்பு முடிந்ததும், வைத்தியர் இராகவன் திருமுல்பாடிடம் மாணவராய் அமர்ந்து சரக சம்ஹிதை பயின்றார் என்றால் வியப்பாக இல்லையா? சரகர், சுசுருதர், வாக்படர் ஆகிய மூவரைப் பற்றியும் 2003, 2007, 2009ஆம் ஆண்டுகளில் நூல்கள் எழுதினார். 2024இல் மறைந்தார்.

என்னைக் கவர்ந்தது அவர் படித்ததோடு நில்லாமல் ஆயுர்வேதத்தை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்து வந்ததே. அவருடைய தூண்டுதலால் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சுபாஷ் லக்கோட்டியா குழுவினர் பழ ஈக்களுக்கு ஆமலகி ரசாயனத்தையும் ரசசிந்தூரத்தையும் உணவில் கலந்து கொடுத்தனர். ஹண்டிங்டன், அல்ஸைமர் நோய்களுக்கான ஈ மாதிரிகளில் நரம்புச் சிதைவு குறைந்ததாக 2013இல் எழுதினர். ஆமலகி நமது நெல்லிக்காய். ரசசிந்தூரமோ பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது! பாதரசம் என்று அம்மாவைப் பயமுறுத்திய எனக்கு இது சங்கடமான செய்திதான். ஒரு தனிமம் எந்த வேதி வடிவில் இருக்கிறது, எவ்வளவு உட்செல்கிறது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமையும். எனினும் ஈ மனிதனன்று. முறைப்படி தயாரித்து அளந்து கொடுத்த மருந்துக்குக் கிடைத்த முடிவு, பெயரில்லாப் பொட்டலத்திற்கு நற்சான்றிதழாகாது. அம்மாவுக்கு நான் சொன்ன விடையும் இதுதான்: பொய்யென்று சொல்லவில்லை, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

யோகம் எனக்கு எளிதாகவே வந்தது, ஏனெனில் இங்குச் சோதனைப் பொருள் நானே. சிராங்கூன் சாலைக்கு அருகில் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன். உடலை முறுக்கும் ஆசனங்களைவிட மூச்சுப் பயிற்சிதான் என் மனத்தைப் பிடித்தது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், 23 பேர் இலத்தீன் செபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலின் திறன் கூடியது. இரத்த அழுத்தத்திற்கு இயல்பாகவே சுமார் பத்து விநாடித் தாளம் ஒன்று உண்டு. மூச்சு அத்தாளத்தோடு இசைந்துவிடுகிறது.

எங்கள் ஆசிரியை இந்த ஆய்வைப் பற்றிப் பேசியதே இல்லை. நான்கு எண்ணி இழுக்கவும் ஆறு எண்ணி விடவும்தான் சொல்கிறார். கூட்டிப் பாருங்கள், பத்து! தேர்வுக்கு முந்தைய இரவுகளில் விடுதி அறையில் இதையே செய்கிறேன். மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டால், இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும் விடும்போது தணிவதையும் நீங்களும் உணரலாம்.