கூட்டு முயற்சியில் பாதாளச் சாக்கடை: ஆலந்தூர் தரும் பாடம்

பட்டணம் விரியுங்கால் அதன் எல்லையில் உள்ள சிற்றூர்களே முதலில் மாறுதல் அடைகின்றன. சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கு அண்மையில் உள்ள அயனம்பாக்கத்தையே எடுத்துக் கொள்வோம். ஏரியை நம்பி வாழ்ந்த ஊர் அது. 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர், அவ்வட்டாரமெங்கும் வயல்கள் மனைகளாயின. வீடு பெருகினால் கழிவு நீரும் பெருகும். அதற்கு வழி செய்யாவிடில், அது நிலத்தினுள் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். தாழ்வை நோக்கி ஓடி ஏரியைக் கெடுக்கும். ஆகவே பாதாளச் சாக்கடை என்பது நகரத்தாரின் வசதி மட்டுமன்று. பக்கத்துக் கிராமத்து உழவரின் பாசன நீரைக் காக்கும் அரணும் ஆகும்.

ஆயினும் இதற்கு ஆகும் செலவு பெரிது. ஒரு நகராட்சியோ, பஞ்சாயத்தோ தன் வரி வருமானத்தைக் கொண்டு மட்டும் இதனைச் செய்து முடித்தல் அரிது. அரசு, உள்ளாட்சி மன்றம், பொதுமக்கள், தனியார் நிறுவனம் ஆகிய நால்வரும் கூடிச் செய்வதற்குச் சென்னையை அடுத்த ஆலந்தூர் நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஆலந்தூர் செய்தது என்ன?

1996-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், திரு. ஆர். எஸ். பாரதி தலைவராயிருந்த ஆலந்தூர் நகராட்சி இத்திட்டத்தை மேற்கொண்டது. மதிப்பீடு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். முதலில் மக்களிடமே சென்றனர். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாயும், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் முன்வைப்புத் தொகையாகக் கேட்கப்பட்டன. குழாய் பதிக்கப்படுமுன்பே பணம் கேட்டால் யார் கொடுப்பார் என்ற ஐயம் எழுவது இயல்பே. குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தன, மக்கள் கொடுத்தனர். மீதித் தொகைக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் முதலியவை கடனும் மானியமும் அளித்தன.

2000-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. குழாய் பதிக்கும் வேலை வழக்கமான ஒப்பந்த முறையில் நடைபெற்றது. சுத்திகரிப்பு நிலையத்திற்கோ வேறு முறை. நிறுவனம் தன் முதலைப் போட்டு நிலையத்தைக் கட்டும். குறித்த ஆண்டுகள் அதனை இயக்கி, சுத்திகரித்த கழிவு நீரின் அளவுக்கேற்பக் கட்டணம் பெறும். தவணை முடிந்தபின் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும். முதற் கட்டத்தில் நாளொன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. 2011-ஆம் ஆண்டில் ஆலந்தூரும் அம்பத்தூரும் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன.

கணக்கை அறிதல்

இம்முறையில் நிறுவனம் தரும் பணம் தானமன்று. அது கட்டணமாகத் திரும்பிச் செல்ல வேண்டியது. மேலும், குறைந்த அளவு இவ்வளவு கழிவு நீர் வரும் என்று உள்ளாட்சி உறுதி கூற வேண்டியிருக்கும். நாள்தோறும் 50 லட்சம் லிட்டர் வரும் என்று கையெழுத்திட்டு, 30 லட்சமே வந்ததாக வைத்துக் கொள்வோம். வராத 20 லட்சத்துக்கும் பணம் கட்ட நேரிடும். எனவே வீட்டு இணைப்புகளை விரைந்து கொடுப்பது உள்ளாட்சியின் கடமையாகிறது. வீடொன்றுக்கு மாதம் 150 ரூபாய் எனக் கொண்டால், 10,000 வீடுகள் ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் ரூபாய் தரும்; 5,000 வீடுகளே இணைந்தால் அதில் பாதிதான் கிட்டும். கடனோ பாதியாகக் குறையாது.

திருப்பூரின் அனுபவமும் கருதத் தக்கது. அங்கே 1995-ஆம் ஆண்டில் அமைந்த புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம், ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொணரும் திட்டத்தை நிறைவேற்றியது. சாய ஆலைகள் கொடுத்த உயர்ந்த விலையே, ஊர்களுக்குக் குறைந்த விலையில் நீர் வழங்க இடமளித்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011-இல் ஆலைகளை மூட ஆணையிட்டபோது, நீரின் தேவை சுருங்கி வருமானமும் குன்றிற்று. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பிய திட்டம், அவர் தளர்ந்தால் தானும் தளரும்.

உறுப்பினர்கள் கவனத்திற்கு

கிராமத்திற்கு இம்முறை புதிதன்று. குடிமராமத்தில் நம் முன்னோர் உழைப்பைப் பங்காக இட்டு ஏரி, வாய்க்கால்களைப் பேணினர். 1997-98-இல் தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் மக்கள் பங்குத் தொகையே அடிப்படை.

ஆகவே எந்த ஒப்பந்தம் மன்றத்தின் முன் வந்தாலும், கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். எதிர்பார்த்த வருமானம் வராவிடில் நஷ்டம் யாருடையது? கட்டணத்தை உயர்த்தும் உரிமை எவரிடம் உள்ளது? மொத்தமாகப் பணம் கட்ட இயலாத ஏழைக் குடும்பத்திற்குத் தவணை உண்டா? சுத்திகரித்த நீரை அன்றாடம் சோதிப்பவர் யார்? தவணை முடிந்து ஒப்படைக்கும் நாளில் இயந்திரங்கள் எந்நிலையில் இருக்க வேண்டும்? இவற்றிற்கான விடைகள் எழுத்தில் இருத்தல் வேண்டும். அவ்வெழுத்து கிராம சபையில் யாவரும் அறியப் படிக்கப்பெறவும் வேண்டும். கணக்கை மக்கள் அறிந்தால், பங்குத் தொகை கொடுக்க அவர்கள் தயங்கார் என்பதை ஆலந்தூர் நமக்கு உணர்த்துகிறது.