தொட்டியின் அடியைப் பாருங்கள்: கிள்ளான் பாய்மரப் படகுக்காரர்களுக்கு மழைக்கால ஆலோசனை

பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக் கடைகளுக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். பந்தல் ஏறினால் மாலை மழையும் கூடவே வரும் என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்கு தொடங்குவதற்கு இடைப்பட்ட இந்த வாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை அதிகம். சுமத்திரா பக்கமிருந்து விடியற்காலையில் வந்து அடிக்கும் சூறைக்காற்றும் இன்னும் முழுதாக அடங்கவில்லை. நவம்பரில், 1990 முதல் நடந்துவரும் ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் போட்டிக்காகக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு, லங்காவி என்று படகுகள் வடக்கே கிளம்பும். போட்டிக்குப் போகாதவர்களும் வார இறுதியில் கெத்தாம் தீவு வரையிலாவது போய்வருவார்கள்.

அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். சென்ற ஆண்டு இதே சமயத்தில் எஞ்சின் நின்றுபோய்க் கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட படகுகளை ஜெட்டியில் நின்று பார்த்தவன் நான். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் நோய் ஒன்றே: டீசல் தொட்டியின் அடியில் தண்ணீர்.

தொட்டியின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். மற்ற வேலைகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்பவர்கள் முதலில் தளத்திலுள்ள டீசல் மூடியைத் திறந்து அதன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெயிலில் வெடித்திருக்கும். நம் ஊர் மழை ஒரு மணி நேரம் கொட்டினால் அந்த மூடியைச் சுற்றிக் குளம் கட்டும்; வெடித்த வளையம் வழியாகத் தொட்டிக்குள் இறங்கும். சில ரிங்கிட் விலையுள்ள வளையம் அது. அதை மாற்றாமல் எஞ்சினைக் குறை சொல்லி என்ன பயன்? இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலக்கப்படுகிறது. 2011இல் ஐந்து விழுக்காட்டில் தொடங்கியது, 2019 முதல் பத்து விழுக்காடு ஆனது. எஞ்சினுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சாதாரண டீசலைவிட அது ஈரத்தை அதிகம் பிடித்துவைக்கும். பழைய தொட்டியில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். பழைய ரப்பர் குழாயை இளக வைக்கும். தினமும் ஓடும் லாரிக்கு இது பெரிய விஷயமில்லை. மாதக்கணக்கில் கட்டிக் கிடக்கும் படகுக்குப் பெரிய விஷயம்.

தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில், நம் வெப்பத்துக்கு, நுண்ணுயிர்கள் செழித்து வளரும். கரும்பழுப்பு நிறத்தில் சளி போன்ற கசடு சேரும். படகு ஜெட்டியில் அசையாமல் நிற்கும்வரை அது அடியில் சமர்த்தாகக் கிடக்கும். எஞ்சினும் நன்றாகவே ஓடும். வெளியே அலை வந்து படகு ஆடத் தொடங்கியதும் அத்தனையும் கலங்கி, உறிஞ்சு குழாய்க்குள் ஏறி, வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் எப்போது கட்டாயம் வேண்டுமோ, அப்போது நிற்கும். ஜெட்டியில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லையே என்று என்னிடம் சொல்லாதீர்கள். ஜெட்டியில் ஓடியது எதற்கும் சாட்சி ஆகாது.

சென்ற ஆண்டு ஒரு படகு. பெயர் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் அதன் சொந்தக்காரர் தொட்டியில் கிருமிக்கொல்லி ஊற்றியிருக்கிறார். நல்லது செய்வதாக நினைத்துத்தான். செத்த கசடெல்லாம் அடியிலிருந்து பெயர்ந்துகொண்டு வந்தது. கப்பல் வழியைக் கடக்கும்போது சூறை பிடித்தது, பாயைச் சுருட்டினார்கள், எஞ்சின் இருமுறை திணறி நின்றது. வற்று நீரோட்டம் படகைக் கொள்கலன் கப்பல்கள் வரும் பாதைக்கு இழுத்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் சுமார் நான்கு மீட்டர் ஏறி இறங்குகிறது. அந்த நீரோட்டத்தின் வேகம் உங்களுக்கே தெரியும். நங்கூரம் பிடித்ததால் பிழைத்தார்கள். படகில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மாற்று வடிகட்டி ஒன்றுகூட இல்லை.

செய்யவேண்டியது கடினமில்லை. படகு ஓர் இரவு முழுக்க அசையாமல் நிற்கட்டும். காலையில் கைப்பம்பின் குழாயைத் தொட்டியின் ஆகத் தாழ்ந்த மூலைவரை இறக்கி, ஒரு லிட்டர் உறிஞ்சிக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றுங்கள். கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், கசடு இடையில் மிதக்கும், டீசல் மேலே இருக்கும். போத்தல் முழுக்கத் தெளிந்த டீசல் வரும்வரை உறிஞ்சிக்கொண்டே இருங்கள். வடித்ததை ஆற்றில் கொட்டாதீர்கள். எண்ணெய்க் கழிவை முறையாக எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். கசடு நிறைய இருந்தால் தொட்டியைத் திறந்து கழுவத்தான் வேண்டும். கிருமிக்கொல்லி அதன் பிறகு. பயணத்துக்கு முந்தின நாள் ஊற்றவே கூடாது.

இனிப் புகை. பலரும் புகையைப் பார்த்ததும் பதறி இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்கிறார்கள். பொறுங்கள், நிறத்தைப் பாருங்கள். கரும்புகையோடு வேகம் குறைந்தால், டீசல் போய்ச் சேர்கிறது, ஆனால் அதற்கேற்ற காற்று இல்லை, அல்லது சுமை கூடிவிட்டது என்று அர்த்தம். கிள்ளான் முகத்துவாரத்தில் சில வாரம் சும்மா கிடந்தாலே புரொப்பெல்லரில் சிப்பி ஏறிவிடும். நியூட்ரலில் முழுச் சுற்று எடுத்து, கியரில் போட்டால் கரும்புகை கக்கித் திணறுகிறதா? முதலில் ஆளை இறக்கிச் சுரண்டுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் காற்று வடிகட்டி, பிறகு புகையோடு கடல்நீர் கலக்கும் முழங்கைக் குழாய். அந்த முழங்கை உள்ளே கரி பிடித்து விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருப்பதை எத்தனையோ எஞ்சினில் பார்த்திருக்கிறேன்.

புகையே இல்லாமல் சக்தி குறைந்து, சுற்று ஏறி ஏறி இறங்கினால், டீசல் போய்ச் சேரவில்லை. வடிகட்டி அடைப்பு, அல்லது குழாயில் காற்று. மறுபடியும் தொட்டியின் அடிதான்.

வெண்புகை கண்ணை எரித்து, டீசல் வாடை அடித்தால் எரியாத எரிபொருள்; இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வாடையின்றி ஆவியாக வந்தால் குளிர்நீர் போதவில்லை, சல்லடையில் பிளாஸ்டிக் பை சிக்கியிருக்கலாம். மழைக்குப் பிறகு கிள்ளான் ஆறு என்னவெல்லாம் கொண்டுவருகிறது என்று சொல்லவேண்டியதில்லை. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது: அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. பேட்டரி சார்ஜ் ஏற மணிக்கணக்கில் சும்மா ஓடவிடும் பழக்கமும் இதில்தான் கொண்டுவிடும்; அதை விடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இம்பெல்லரை மாற்றுங்கள். பெல்ட்டை இறுக்குங்கள். ஆயிலையும் அதன் வடிகட்டியையும் மாற்றுங்கள். குழாய்க் கிளிப்புகளைப் பாருங்கள். இரண்டு டீசல் வடிகட்டிகளுக்கும் மாற்று படகிலேயே இருக்கட்டும். ஒன்று போதாது, மூன்று வையுங்கள். வடிகட்டி மாற்றியபின் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, பம்பின் கைநெம்புகோலைக் குமிழி நிற்கும்வரை அடியுங்கள். நெம்புகோலில் பிடி கிடைக்காவிட்டால் எஞ்சினைக் கையால் ஒரு சுற்று திருப்பி மறுபடி முயலுங்கள். இதை ஜெட்டியில் இருமுறை செய்து பழகுங்கள். இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும், விரலைக் காட்டாதீர்கள்.

எஞ்சின் பற்றாதபோது ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் ஓடாவிட்டாலும் கடல்நீர்ப் பம்ப் ஓடுகிறது. தள்ளிவிடப் புகை இல்லாததால் அந்தத் தண்ணீர் சைலன்சரை நிரப்பித் திரும்பி சிலிண்டருக்குள் ஏறும். அதோடு எஞ்சின் முடிந்தது. மூன்று முறைக்குப் பற்றாவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயலுங்கள். பற்றிய அடுத்த நொடி திறந்துவிடுங்கள்.

கிளம்பும் நாளில் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையைத் திறந்துவையுங்கள். நங்கூரத்தைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ஏறி வருபவர்கள் இந்தச் சனிக்கிழமை பையில் ஒரு கண்ணாடிப் போத்தலையும் போட்டுக்கொண்டு வாருங்கள். வடித்ததை என்னிடம் காட்டுங்கள். அதில் தண்ணீர் இருக்கும்வரை தயவுசெய்து கயிற்றை அவிழ்க்காதீர்கள்.